ஏழாவது ஆளின் பொத்தான்

பகலில் பல் செய்கிறேன்.
மார்த்தாண்டத்தில், வெட்டுமணி போகும் வழியில்,
வீட்டோடு ஒட்டிய பட்டறை.
வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு என்பதைத்
தொழில்தான் சொல்லித்தந்தது.

இரவில் அதே விளக்கு, அதே பூதக்கண்ணாடி,
மூன்று முடி மட்டும் மிஞ்சிய தூரிகை.
விரல் நீளத்தில் இருபத்து நான்கு பேர்
கார்க்கில் குத்திய கம்பிகளின் மேல்
வரிசையாக நிற்கிறார்கள்.
ஆர்டர் ஷார்ஜாவிலிருந்து. சகாயராபின், குளச்சல்காரர்,
கப்பல் பட்டறையில் வெல்டர்.
"பன்னிரண்டு டச்சுக்காரன், பன்னிரண்டு நம்மாளு.
ஒரு நூல் பிசகப்பிடாது அண்ணே."

டச்சுக்காரன் எளிது.
கோட்டுக்குப் படம் இருக்கிறது,
கைமடிப்பின் அகலத்துக்கு அளவு இருக்கிறது,
தொப்பி விளிம்பின் நாடாவுக்குக்கூட
யாரோ கணக்கு எழுதிவைத்திருக்கிறார்கள்.

நம்மாளுக்கு ஒருவரும் எழுதவில்லை.
இடுப்பில் முண்டு, தலையில் ஒரு கட்டு,
மற்றதெல்லாம் தோல்.
'தோல்' என்று ஒட்டிய புட்டியைத் திறந்தேன்.
உள்ளே ரோஸ்.
மூடிவைத்துவிட்டு
செங்காவி, சொட்டுப் பச்சை, அதில் பாதி நீலம் என்று
என் முழங்கையில் தடவிப் பார்த்தேன்.
பன்னிரண்டு முழங்கை வேண்டியிருந்தது.
எதிர்க்கடை சில்வான்ஸ்,
மீன் ஏலம் விளிக்கும் ததேயுஸ்,
குலசேகரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்ற
பெயர் தெரியாத ஒருத்தர்.

சின்ன உருவத்துக்கு முழுக் கறுப்பு ஆகாது.
தூரத்தில் நிற்பவன் மேல்
காற்று கொஞ்சம் வெளுப்பைப் பூசும்,
அதையும் சேர்த்துத்தான் கலக்க வேண்டும்.
இத்தனை அடி தூரத்துக்கு இவ்வளவு என்று கணக்குண்டு.
இத்தனை வருஷத்துக்கு என்றால்
இல்லை.

ஜெபஷீலிக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் சலவைப்பிரிவு.
ஷிப்ட் முடிந்து வந்தவள்
குடையை மடக்காமலே குனிந்து பார்த்தாள்.
"இந்தப் புழுக்கத்துல கம்பளிக் கோட்டா?
வெந்தே செத்திருப்பானுவ.
இது உடுத்த துணி இல்ல கேட்டியளா,
கடையில தொங்குத துணியாக்கும்.
ரத்தம் இப்பிடிச் செவப்பா நிக்காது.
காஞ்சா கட்டஞ்சாயாக் கறை.
வேர்வை உப்பு முதுகுல படம் வரையும், அதெங்க?"

சொன்னபடியே செய்தேன்.
தோளில் நீலத்தை வெளுக்கவிட்டேன்,
முதுகில் உப்பு, முட்டிக்குக் கீழே ஆடி மழை.

ஏழாவது ஆளைக் கார்க்கோடு எடுத்து
விளக்கில் திருப்பினாள்.
"எல்லாப் பட்டனும் இருக்கே."
"இருக்கணும்லா."
"மாசக்கணக்கா கப்பல்ல கெடந்தவன்.
எங்க டாக்டர்மாருக்க கோட்டு ஒண்ணுலயாவது
பட்டன் முழுசா இருந்து நான் கண்டதில்ல."

மெழுகு சீவும் கத்தியை எடுத்தேன்.
மேலிருந்து நாலாவது. ஒரே சீவல்.
எங்கோ தெறித்துப் போனது.
அது இருந்த இடத்தில் வெயில் படாத நீலமாக
ஒரு புள்ளி வைத்தேன்,
புள்ளியிலிருந்து தொங்க ஒரு நூல்.

காலடிக்கு மணல்.
மணவாளக்குறிச்சிக் கறுப்பை மட்டும் தூவினால்
தார்ரோட்டில் நிற்பது போலிருந்தது,
குளச்சல் மணலையும் சலித்துக் கலந்தேன்.

நம்மாள் ஐந்து பேர் தோளில் துப்பாக்கியில்லை, துடுப்பு.
கப்பலிலிருந்து பார்த்தவன் ஏமாந்தான் என்று
கரையில் சொல்வார்கள்; ராபின் கேட்டதும் அதுதான்.
மரத்தை மரமாகவே தீட்டினேன்.
ஒரு முழம் தள்ளி வைத்துக் கண்ணைச் சுருக்கினேன்.
துடுப்பாகவே தெரிந்தது.
இன்னொரு முழம் தள்ளி வைத்தேன்.

பார்சல் சேர்ந்த அன்றே குரல் வந்தது.
"எல்லாம் அசலு, அண்ணே.
ஏழாவது ஆளுக்கு மட்டும் ஒரு பட்டன் காணல்ல,
வழியில விழுந்திருக்கும்."
வழியிலதான் விழுந்தது என்று பதில் போட்டேன்.

திங்கட்கிழமை
குழித்துறை டீச்சரின் கடைவாய்ப்பல்லைச்
சூளைக்குள் வைக்கப் போகையில்
தட்டின் ஓரத்தில் ஏதோ மினுங்கியது,
கடுகில் பாதிகூட இல்லை.
ஊதப் போனவன்
வாயை மூடிக்கொண்டேன்.